மொத்தம் எழுதாத தாள்

போட மாட்டேன் என்றால் போட மாட்டேன்தான். ஊரார் கையெழுத்தை எத்தனை தாளில் வாங்கியிருப்பேன், ஒரு தாளைப் பார்த்தாலே அது எங்கே போகும், எந்த ஃபைலில் படுக்கும், நாளைக்கு எவன் தலையில் விடியும் என்று எனக்குத் தெரியாதா? இந்தப் பெண் மெர்லின், ரிசார்ட்டுக்கு மேனேஜராம், முப்பது வயசுகூட இருக்காது, ரெயின்கோட்டில் தண்ணீர் சொட்டச் சொட்ட நின்றுகொண்டு பரீட்சை அட்டையில் மாட்டிய தாளை நீட்டி, "சார், இதுல ஒரு கையெழுத்து மட்டும்" என்று சிரிக்கிறாள். மட்டுமாம். அந்த மட்டும் என்கிற வார்த்தையை நானே எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன்! வெளியே தென்னை மட்டைகள் பிய்ந்து நீச்சல் குளத்துக்குள் விழுகின்றன, கடல் சத்தம் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து வருகிற மாதிரி இல்லை, சுவருக்குள்ளேயிருந்தே வருகிற மாதிரி இருக்கிறது, இந்த நேரத்தில் ஒருத்தி சிரித்தால் அவள் எதையோ மறைக்கிறாள். "கண்ணாடி ரூம்ல இருக்கும்மா, அப்புறம் பார்க்கலாம்" என்றேன். கண்ணாடி சட்டைப் பையில்தான் இருந்தது. அவளும் பார்த்தாள். "சரி சார், பதினொன்றரைக்குக் கடைசி வேன், அதுக்குள்ள போட்டுடுங்க" என்று அட்டையைத் தன் பக்கம் திருப்பி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனாள். அதென்ன, தாளை என் கண்ணில் படாமல் வைத்துக்கொள்வது? மணி பத்தரை. பன்னிரண்டுக்குள் தரைப்பாலம் முங்கிவிடும் என்கிறார்கள். அதுக்கப்புறம் இந்தப் பக்கம் இருக்கிறவன் இந்தப் பக்கம்தான். இருக்கட்டும். இது கான்கிரீட் கட்டடம், மாடி இருக்கிறது. எங்களைக் கொண்டுபோய்ப் போடப் போகிற கல்யாண மண்டபத்துக்கு என்ன கூரையோ, தகரமாகத்தான் இருக்கும், மண்டபம் என்றாலே முன்னால் தளம், பின்னால் தகரம். கிளப்பி விட்டுவிட்டால் அவர்கள் பொறுப்பு தீர்ந்தது, அவ்வளவுதான் சங்கதி.

தையல்நாயகி என் பக்கத்தில் உட்கார்ந்து ரவா உப்புமாவைச் சாவகாசமாகச் சாப்பிடுகிறாள். நாற்பத்தி மூன்று வருஷமாக என் மனைவி, இன்னும் ஒருத்தரையும் சந்தேகப்படத் தெரியவில்லை. முந்தாநாள் திருக்கடையூரில் எனக்கு எழுபது, பீமரத சாந்தி, கலசத் தண்ணீரை இரண்டு பேர் தலையிலும் கொட்டினார்கள், பெங்களூரிலிருந்து வந்த மகள் மங்கை, "அப்பா, ஒரு ரெண்டு நாள் கடலைப் பார்த்துக்கிட்டு இருந்துட்டு வாங்க" என்று இங்கே ரூம் போட்டுக் கொடுத்துவிட்டு அன்றைக்கே ரயில் ஏறிவிட்டாள். கடலைப் பார்த்தாகிவிட்டது. நேற்று சாயங்காலம் புயல் திசை மாறிவிட்டது என்றார்கள், இன்றைக்குக் காலையில் போலீஸ் வந்து கரையோரம் எல்லாரும் கிளம்பு என்று மைக்கில் சொல்லிவிட்டுப் போனது. "உப்புமால முந்திரி போட்டிருக்காங்க, பாருங்களேன்" என்கிறாள் தையல். அதைத்தான் நானும் பார்க்கிறேன். ஊரே காலியாகிற நேரத்தில் உப்புமாவுக்கு முந்திரி எதுக்கு? கேட்காமலே காபி, கேட்காமலே துண்டு, போனுக்குச் சார்ஜ் போட ஜெனரேட்டரிலிருந்து ஒயர் இழுத்து ஒரு பலகை. தலையைத் தடவுகிறார்கள் என்றால் ஏதோ ஒன்றுக்கு அடி போடுகிறார்கள். சர்வீசில் இருந்தபோது புயல் முகாமில் முதல் நாள் நான் என்ன செய்வேன்? பிள்ளைகளுக்குப் பிஸ்கட் கொடுக்கச் சொல்வேன். பிள்ளை வாயில் பிஸ்கட் இருந்தால் தாய் சத்தம் போட மாட்டாள். அதை யாரும் எனக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை, தானாக வந்த சாமர்த்தியம், அதுக்கு ஒரு பாராட்டுப் பத்திரம்கூட வீட்டுக் கூடத்தில் தொங்குகிறது. தாசில்தார் சிதம்பரநாதன், புயல் நிவாரணப் பணியில் சிறப்பாக. சிறப்பாக. ஈரத் துணியும் சாம்பார் சாதமும் அழுகிற குழந்தையும் சேர்ந்து ஒரு வாசனை வருமே பள்ளிக்கூட முகாமில், அது இப்போது இந்த டைனிங் ஹாலில் லேசாக வருகிறது. நான் ஜன்னலைத் திறக்கப் பார்த்தேன், எவனோ குறுக்கே பலகை அடித்திருக்கிறான்.

மூலையில் புதிதாக ஆறு பேர். பக்கத்து லாட்ஜ் ஆட்களாம். அந்த லாட்ஜ்காரன் கேட்டைப் பூட்டிக்கொண்டு விடியற்காலையிலேயே ஓடிவிட்டானாம், இவர்கள் பெட்டியோடு மழையில் நின்றிருக்கிறார்கள், மெர்லின் போய்க் கூட்டிக்கொண்டு வந்தாளாம். ஆகா! பரோபகாரம்! வேனில் இருப்பது பதினெட்டு சீட்டு, முதல் நடையில் குழந்தை குட்டி உள்ளவர்கள் போய்விட்டார்கள், மிச்சம் நாங்கள் பதினோரு பேர், இவர்கள் ஆறு, பதினேழு. அப்புறம் இந்த ரிசார்ட் ஆட்கள் ஏறுவதற்கு இடம்? சமையல்காரர், தோட்டக்காரர், ரிசப்ஷன் பெண்? கணக்கு உதைக்கிறது. யாரோ சிலரை விடப் போகிறார்கள். யாரை? கையெழுத்துப் போடாதவனை. அட, அப்படியும் இருக்குமோ, அப்படியானால் போட்டுவிட வேண்டியதுதானே, போட்டால் எங்கள் விருப்பத்தின் பேரில் போகிறோம், ஏதாவது ஆனால் நிர்வாகம் பொறுப்பல்ல என்று பொடி எழுத்தில் கீழே இருக்கும். போட்டாலும் வம்பு, போடாவிட்டாலும் வம்பு. நான் எழுந்து போய் ரிசப்ஷன் பக்கம் நின்று நாலு வார்த்தை காதில் வாங்கிக்கொண்டு வரலாமா என்று யோசித்தேன், தையலைத் தனியே விட்டுவிட்டுப் போனால் அவள் எதிலாவது கையெழுத்துப் போட்டுத் தொலைப்பாள். உட்கார்ந்தேன்.

நினைத்து முடிக்கவில்லை, மெர்லின் வந்துவிட்டாள். இந்தத் தடவை என்னிடம் வரவில்லை, நேராகத் தையலிடம் போய் முட்டிபோட்டு உட்கார்ந்துகொண்டாள், கெட்டிக்காரி. "அம்மா, மாத்திரை ஏதும் எடுக்கிறீங்களா? வேன் படி கொஞ்சம் உசரம், ஏற முடியுமா, ஸ்டூல் போடச் சொல்லணுமா?" நாகர்கோவில் பக்கத்துப் பேச்சு, இங்கே பிழைக்க வந்தவள். நான் இடைமறித்தேன். "அதெல்லாம் உங்களுக்கு எதுக்கும்மா?" "எழுதி வச்சிக்கத்தான் சார். மண்டபத்துல ஒரு நர்ஸ் வரச் சொல்லியிருக்கு." "எழுதி வச்சு?" "எழுதி வச்சு... பாத்துக்கத்தான் சார்." பதில் சொல்வதற்குள் ஒரு தடுமாற்றம், கவனித்தேன். இதய நோயாளி என்று தெரிந்தால் ஏற்றாமல் கழற்றிவிடுவார்கள், அல்லது முன்பே நோய் இருந்தது என்று பின்னால் எழுதிக்கொள்வார்கள், முன்பே நோய் இருந்தது என்பது எவ்வளவு வசதியான வாக்கியம் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? தையலின் கையை அழுத்தினேன், சொல்லாதே என்று. அவள் என்ன செய்தாள்? "போன வருஷம் ஸ்டென்ட் வச்சாங்கம்மா, ரத்தம் கட்டாம இருக்க ஒரு மாத்திரை, பிரஷர் மாத்திரை, முட்டி வேற தேஞ்சு போச்சு. இவர் ஏன் என் கையை இப்படி நசுக்குறார்னு தெரியலை." மெர்லின் என்னைப் பார்க்காமல் எழுதிக்கொண்டாள். சிரிப்பை அடக்கினாளா? அடக்கினாள். "சாருக்கு?" "எனக்கு ஒண்ணும் இல்லை." "சர்க்கரை இருக்கு" என்றாள் தையல். நாற்பத்தி மூன்று வருஷம்! "ஏங்க, அந்தப் பொண்ணு காலையிலேருந்து ஒரு வாய் காபி குடிக்கலை, அதைப் போய்க் குற்றவாளியை விசாரிக்கிற மாதிரி விசாரிக்கிறீங்களே" என்று வேறு. காபி குடிக்காதவள் எல்லாம் நல்லவளா? நானும்தான் அன்றைக்கெல்லாம் சாப்பிடவில்லை.

அன்றைக்கு. எதுக்கு இப்போது அது? மழை இப்படித்தான் பெய்தது, படுக்கையாக. இருபத்தி நாலு வருஷம் ஆகிறது, ஆலந்திட்டு என்று ஒரு குப்பம், ஆற்று முகத்தில், நாற்பது வீடு. சாயங்காலம் நாலு மணிக்குள் அறிக்கை மேலே போக வேண்டும், அப்போதுதான் ஐந்து மணிக்குப் பத்திரிகைக்காரர்களுக்குச் சொல்ல முடியும். அதனால் நான் இருந்த ஆபீசில் ஒரு வழக்கம் வைத்திருந்தோம். மொத்தத்தை முதலில் எழுதிவிடுவது. மொத்தம் வெளியேற்றப்பட்டவர்கள் நூற்று நாற்பத்தி ஏழு, எண்ணாலும் எழுத்தாலும். பெயர்கள் பின்னால். ரேஷன் கார்டுப் பட்டியலை வைத்துக்கொண்டு மொத்தத்துக்குத் தக்கபடி பெயரை இறக்கிக்கொண்டே வருவது, பக்கத்தில் கைநாட்டு, வெறுந்தாளில் முன்கூட்டியே வாங்கி வைத்த கைநாட்டு. யாரையும் ஏமாற்றுகிற எண்ணம் இல்லை. ஆட்களைக் கூட்டிக்கொண்டு வரத்தானே போகிறோம், கொஞ்சம் முன்னால் எழுதினால் என்ன, பின்னால் எழுதினால் என்ன? அப்படித்தான் நினைத்தேன், சத்தியமாக. அஞ்சம்மாள் மட்டும் வரமாட்டேன் என்று வாசலில் குந்திக்கொண்டாள். கருவாட்டுக்காரி, ஒற்றை ஆள், மகளை வேளாங்கண்ணிப் பக்கம் கட்டிக் கொடுத்திருந்தாள். "நான் போயிட்டா என் இடத்தை எடுத்துக்க மாட்டேன்னு எழுதித் தாங்க சாமி, வரேன்" என்றாள். அதுக்கு முந்தைய வருஷம் சர்வேயர் வந்து சங்கிலி போட்டு அளந்துவிட்டுப் போயிருந்தான், என்னத்துக்கென்று யாரும் அவளிடம் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. சிரித்தேன். ஆமாம், நானும் சிரித்தேன், மெர்லின் மாதிரியே, மழைக்கோட்டுப் போட்டுக்கொண்டு. "கைநாட்டு மட்டும் வைம்மா, நாளைக்குப் பேசிக்கலாம்" என்றேன். அவள் கட்டைவிரலை முந்தானைக்குள் சுருட்டி மறைத்துக்கொண்டாள்.

அட, என் கையைப் பார். பேனா பிடிக்கிற விரலெல்லாம் உள்ளே மடங்கி, சட்டைப் பையில் கண்ணாடியோடு சேர்த்து. எடுத்தேன். தையல் பார்க்கவில்லை, அவள் பையில் மாத்திரை டப்பாவைத் தேடுகிறாள். ஜீப்பில் ஏறும்போது கிராம நிர்வாக அதிகாரி, பேர் மறந்துவிட்டது, இல்லை, மறக்கவில்லை, நல்ல மனுஷன், "சார், ஒண்ணு குறையுதுங்க" என்றார். "எழுதியாச்சு, ஏறுய்யா" என்றேன். அவ்வளவுதான் நடந்தது. அது ஒரு நிமிஷம்கூட இல்லை. இருட்டுவதற்குள் இன்னும் இரண்டு குப்பம் பாக்கி, நான் என்ன செய்ய முடியும், ஒரு கிழவிக்காக நின்றால் இருநூறு பேர் போய்விடுவார்கள், இதை எத்தனை தடவை எனக்கு நானே சொல்லியிருக்கிறேன், ஒவ்வொரு தடவையும் சரியாகத்தான் இருக்கிறது, இருந்தும் முடிகிற இடத்தில் போய் இடிக்கிறது. மூன்றாம் நாள் பூவரச மரத்தடியில் அகப்பட்டாள். ஆனால் தாளில் அவள் முகாமில் இருந்தாளே! வெளியேற்றப்பட்டவள் கரையில் எப்படிச் செத்திருப்பாள்? ஆகவே முகாமில் நெஞ்சுவலியால் இறந்தாள், முன்பே நோய் இருந்தது. நானே எழுதினேன், என் கையால், நல்ல மையில். ஒரு வாரம் கழித்து மகள் வந்தாள், ஆபீஸ் வாசலில் மதியம் வரைக்கும் நின்றாள். சண்டை போடவில்லை. நிவாரணப் பணம் கேட்கவில்லை. "எங்காத்தாளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டீங்களாய்யா? முகாமுல கூப்பிட்டிருந்தா இல்லேன்னு தெரிஞ்சிருக்குமே. ஒருக்கா கூப்பிட்டீங்களா?" என்று மட்டும் கேட்டாள். பியூனை விட்டு அனுப்பிவிட்டேன். தையலுக்கு இது தெரியாது. பாராட்டுப் பத்திரம் தெரியும், அதை அவள்தான் ஆயுதபூஜைக்கு ஆயுதபூஜை துடைத்துப் பொட்டு வைக்கிறாள்.

பதினொன்று இருபது. எல்லாரும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போர்டிகோவுக்குப் போகிறார்கள், நான் உட்கார்ந்திருக்கிறேன், நான் உட்கார்ந்திருப்பதால் தையலும் உட்கார்ந்திருக்கிறாள். டிரைவர் பக்கிரிசாமி நனைந்த லுங்கியோடு உள்ளே வந்து, "மேடம், தரைப்பாலத்துல தண்ணி ஏறுது, இன்னும் அரை மணி நேரந்தான் தாங்கும், எடுத்துருவோமா?" என்று கத்துகிறான். சமையல்காரரும் தோட்டக்காரரும் டெம்போவில் ஏறுகிறார்கள், ஓ, அவர்களுக்குத் தனி வண்டி வைத்திருந்தார்களா, சரி, அது ஒன்று தப்பாக நினைத்துவிட்டேன், ஒன்றுதானே. ரிசப்ஷன் மேஜையில் போன் அடித்தது. மெர்லின் எடுத்தாள். எனக்கு அந்தக் குரல் கேட்கவில்லை, கேட்க வேண்டிய அவசியமும் இல்லை, தாலுகா ஆபீஸ், அந்தப் பக்கம் என்ன சொல்வான் என்று எனக்கு மனப்பாடம். முடிச்சாச்சா? முடிச்சாச்சுன்னு சொல்லும்மா, மேல கேக்கறாங்க. "இல்லை சார், இன்னும் ரெண்டு பேரு உள்ள இருக்காங்க." அங்கிருந்து அவன், வண்டி ஏறப் போறாங்கதானே, எழுதிடுங்க என்பான். "ஏறப் போறாங்கதான் சார். ஏறலைல்லா. ஏறாம எப்படி எழுதுறது?" அவன் கத்துவான். கத்துகிறான், இங்கே வரைக்கும் சலசலவென்று கேட்கிறது. மெர்லின் போனைக் காதிலிருந்து கொஞ்சம் விலக்கிப் பிடித்தாள், கண்ணை ஒரு தடவை மூடித் திறந்தாள், பயந்த பெண்ணின் முகம்தான் அது, சின்னப் பெண், "நீங்க என்ன சொன்னாலும் சரி சார், அவங்க ஏறின பெறவு நானே கூப்பிடுதேன்" என்று வைத்துவிட்டாள். எனக்குக் கேட்க வேண்டும் என்று பேசினாளோ? நாடகமோ? சந்தேகப்படுகிறவனுக்கு முன்னால் இப்படிப் பேசினால் அவன் எழுந்திருப்பான் என்று யாராவது சொல்லிக் கொடுத்திருப்பார்களோ? ஆனால் ரிசீவரை வைக்கும்போது சரியாக உட்காராமல் இரண்டாம் தடவை வைத்தாள்.

"அந்தத் தாளைக் காட்டும்மா" என்றேன். எழுந்துவிட்டிருந்தேன் போலிருக்கிறது. "சார்?" "தாளு. காட்டு." அட்டையை என் பக்கம் திருப்பினாள். கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டேன், அவளுக்கு முன்னாலேயே, சட்டைப் பையிலிருந்து. பொடி எழுத்துத் தேடினேன். கீழே பார்த்தேன், பின்பக்கம் திருப்பினேன், வெள்ளை. பேர், வயசு, ரூம், மாத்திரை, வீட்டில் யாரிடம் சொல்ல வேண்டும், கையெழுத்து, இவ்வளவுதான் கட்டங்கள், ஸ்கேல் வைத்துக் கோடு போட்டிருக்கிறாள், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி. லாட்ஜிலிருந்து வந்த ஆறு பேரும் அதில் இருக்கிறார்கள். பதினாறாம் நம்பருக்கு நேரே தையல்நாயகி, அறுபத்தி நாலு, ஸ்டென்ட், முட்டி, ஸ்டூல் போடவும். பதினேழுக்கு நேரே என் பேர், சர்க்கரை, பக்கத்தில் அடைப்புக்குறிக்குள், பயப்படுகிறார், பேசிக் கூட்டி வரவும். அதைப் படித்ததும் எனக்குச் சுரீர் என்றது. யார் பயப்படுகிறார்? நானா? எவ்வளவு திமிர்! அப்புறம் அடியில் பார்த்தேன். மொத்தம் என்று எழுதிப் பக்கத்தில் ஒரு கட்டம் போட்டிருக்கிறாள். கட்டம் காலியாக இருந்தது.

"இதை ஏன் நிரப்பலை?" "வண்டியில வச்சுத்தான் சார் நிரப்பணும்." "யார் சொல்லிக் கொடுத்தா?" அவளுக்குக் கேள்வியே புரியவில்லை. "யாரும் சொல்லலை சார். உள்ள வந்த பெறவுதானே எத்தனை பேருன்னு தெரியும்?" அவ்வளவுதானா? முப்பத்தி நாலு வருஷம் சர்வீஸ் போட்டேனே. பேனாவை வாங்கினேன். விரல் நீள மாட்டேன் என்றது, கெஞ்சி நீட்டினேன். கையெழுத்துக் கோணலாக விழுந்தது, பென்ஷன் ஆபீசில் கொடுத்தால் ஏற்க மாட்டார்கள். தையல் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே கையெழுத்துப் போட்டாள்.

ஸ்டூல் போட்டார்கள். பக்கிரிசாமி ஒரு கையும் நான் ஒரு கையும் பிடித்துத் தையலை ஏற்றினோம். வேன் கதவைச் சாத்தியும் காற்று உள்ளே ஊளையிடுகிறது. பக்கிரிசாமி கியரில் கை வைத்துவிட்டான், மெர்லின் "இருங்கண்ணே" என்றாள், நடுவில் நின்றுகொண்டு, கம்பியைப் பிடித்துக்கொண்டு, தாளைப் பார்த்துப் பேர் கூப்பிட ஆரம்பித்தாள். தலையை எண்ணவில்லை. பேர். ஒவ்வொரு பேராக. பாலத்தில் தண்ணீர் ஏறுகிறது, இவள் பேர் கூப்பிடுகிறாள். ஆள் பதில் சொல்லி முகத்தைப் பார்த்த பிறகுதான் ஒரு டிக். லாட்ஜிலிருந்து வந்த ஒருவர் தூங்கி விழுந்துகொண்டிருந்தார், அவர் பதில் சொல்லவில்லை என்று அடுத்ததுக்குப் போகாமல் இரண்டாம் தடவை, மூன்றாம் தடவை கூப்பிட்டாள். எவ்வளவு நேரம் ஆயிற்று எல்லாம் சேர்த்து? இரண்டு நிமிஷம் இருக்குமா? வாட்சைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், ஒரு நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேலே. நூற்று நாற்பத்தி ஏழு பேருக்கு எவ்வளவு ஆகியிருக்கும்? பத்து நிமிஷம். பத்தே நிமிஷம்.

"தையல்நாயகி அம்மா." "இருக்கேன் தாயி." "சிதம்பரநாதன் சார்." வாய் திறக்கவில்லை. திறந்தால் வேறு ஏதோ வந்துவிடும் போலிருந்தது. "சிதம்பரநாதன் சார்?" நான் அவள் கண் முன்னால்தான் உட்கார்ந்திருக்கிறேன், மூன்றடி தூரம், பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாள், டிக் போட்டுவிட்டுப் போக வேண்டியதுதானே. போட மாட்டேன் என்கிறாள். "சார், சொல்லுங்க சார்." "இருக்கேம்மா" என்றேன். டிக் போட்டாள். அப்புறம்தான் அந்தக் கட்டத்தில் பதினேழு என்று எழுதினாள், ஒன்றும் ஏழும், பெரிதாக. வண்டி கிளம்பியது.

தரைப்பாலத்தில் தண்ணீர் சக்கரத்தின் பாதி வரைக்கும் இருந்தது. பக்கிரிசாமி முருகா முருகா என்று மெதுவாக விடுகிறான். தையல் என் கன்னத்தை முந்தானையால் துடைத்தபோதுதான் எனக்கே தெரிந்தது. "என்னங்க இது, பயமா? தாண்டிட்டோம், பாருங்க." "நான் கூப்பிடலை தையலு." "யாரைக் கூப்பிடலை? மங்கையையா? மண்டபத்துக்குப் போயிக் கூப்பிட்டுக்கலாம்." "இல்லை. பேர் சொல்லி ஒரு தடவைகூடக் கூப்பிடலை நான். எழுதிட்டு வந்துட்டேன்." "யாருங்க?" என்றாள் அவள், இப்போது குரல் மாறி. அந்தப் பத்திரத்துக்கு இனிமேல் பொட்டு வைக்க மாட்டாள், என்னையும் எப்படிப் பார்ப்பாளோ தெரியாது. இருபத்தி நாலு வருஷமாக அந்தப் பேரை வாய்விட்டுச் சொன்னதில்லை. அஞ்சம்மாள் என்றேன். காற்றில் அவளுக்குக் கேட்கவில்லை போலிருக்கிறது, காதைக் கிட்டே கொண்டுவந்தாள். மறுபடியும் சொன்னேன்.